தேக்கடிக்குப் போனால் படகா, நடையா? நடை என்றால் எந்த நடை?

தேக்கடிக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். காலையில் குமுளியில் வந்து இறங்கி, படகுக்கு டிக்கெட் எடுத்து, ஒன்றரை மணி நேரம் ஏரியைச் சுற்றிவிட்டு, கடைத்தெருவில் ஏலக்காயும் மிளகும் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடுகிறார்கள். அதே ஏரியின் கரையோரமாக, அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் முன்னால் போக, யானை போன தடத்திலேயே நடந்து பார்க்க வனத்துறையே வழி செய்து வைத்திருக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அடுத்த குழப்பம் வந்துவிடுகிறது. நேச்சர் வாக், பார்டர் ஹைக்கிங், பேம்பூ ராஃப்டிங், டைகர் டிரெயில் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கின்றன, கட்டணம் சில நூறில் ஆரம்பித்துச் சில ஆயிரம் வரை போகிறது, எதை எடுப்பது? அடிக்கடி என்னிடம் வரும் கேள்வி இது. நான் நினைப்பதை மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பெரியாறு புலிகள் காப்பகம் மொத்தம் 925 சதுர கிலோமீட்டர், அதற்குள் கிடக்கும் ஏரி ஏறக்குறைய 26 சதுர கிலோமீட்டர். இயற்கையாக உண்டான ஏரி இல்லை, பென்னிகுவிக் கட்டி 1895-இல் வேலை முடிந்த முல்லைப் பெரியாறு அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர். தேனி, மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்புக்கு இறங்கி அவர்கள் வயலுக்கு வருவது இந்தத் தண்ணீர்தான். அப்போது மூழ்கிய காட்டு மரங்களின் அடிமரங்கள் இன்றைக்கும் கறுத்துப்போய் ஏரிக்குள் நட்டமாக நிற்கின்றன, நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அவற்றின் உச்சியில் உட்கார்ந்து சிறகு காயவைக்கின்றன.

பள்ளத்தாக்குகள் மூழ்கி உண்டான ஏரி என்பதால் அது வட்டமாக இல்லை, மடிப்பு மடிப்பாக, கிளை கிளையாகக் காட்டுக்குள் ஓடுகிறது. நடையா படகா என்று முடிவெடுக்க இது முக்கியம். படகு அகலமான நடுப்பகுதியில் மட்டும்தான் போய்வரும். அந்தச் சின்னச் சின்னக் கிளைகளுக்குள், ஒரு மேட்டைச் சுற்றி வளைந்ததும் எதிரே புல்வெளியும் அதில் மேயும் மிளாக் கூட்டமும் தெரிகிற இடங்களுக்கு, கால்நடையாகவோ தெப்பத்திலோதான் போக முடியும்.

தனியாக நடக்க இங்கே அனுமதி கிடையாது, எந்த நடையானாலும் வழிகாட்டி கூட வருவார். சொந்த வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே போகும் பஸ்ஸில்தான் ஏரிக்கரைக்குப் போக வேண்டும். அணையைப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. முடியாது. பொதுமக்களை அங்கே விடுவதில்லை, இந்த நடைகளும் அதுவரை போவதில்லை.

எதை எடுப்பது என்று யோசிக்கும்போது பலரும் "எதில் போனால் புலி தெரியும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்துவிடுங்கள். புலி இருக்கிறது, ஈர மண்ணில் அதன் தடத்தைப் பார்க்க வாய்ப்பு உண்டு, ஆனால் ஆளே கண்ணில் படுவது மிக அபூர்வம், எவ்வளவு கட்டணம் கொடுத்தாலும் அது மாறாது. கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. கரையோரம் எத்தனை மணி நேரம் இருப்போம்? அது நாளின் எந்த நேரம்? யானையும் காட்டெருமையும் மிளாவும் காட்டுப்பன்றியும் புல்லுக்கும் தண்ணீருக்கும் கரைக்கு இறங்குவது பெரும்பாலும் விடிகிற நேரத்தில், இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்தபிறகு. உச்சி வெயிலில் எல்லாம் நிழலுக்குள் போய்விடும். இந்த இரண்டு கேள்வியை வைத்துப் பார்த்தால் மேலே சொன்ன பெயர்களெல்லாம் தானாகவே வரிசைக்கு வந்துவிடும்.

படகிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முழங்கால் வலி உள்ள அம்மா, அப்பா, கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் படகுதான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காலை முதல் படகும் மாலைக் கடைசிப் படகும் நல்லவை, நடுவில் போகிறவை ஏரியைப் பார்க்க மட்டும். யானை தெரியலாம், ஆனால் தூரத்தில், எஞ்சின் சத்தத்துக்கு நடுவில், பக்கத்து சீட்டுக்காரர்களின் கூச்சலோடு. ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கொடுக்கிற லைஃப் ஜாக்கெட்டைக் கடைசிவரை போட்டிருங்கள், விலங்கைப் பார்த்ததும் எழுந்து ஒரு பக்கமாக ஓடாதீர்கள், பிள்ளைகளையும் ஓட விடாதீர்கள்.

அடுத்தது நேச்சர் வாக். ஏறக்குறைய மூன்று மணி நேரம், நாலைந்து கிலோமீட்டர். காலை, முற்பகல், பிற்பகல் என்று நேரம் பிரித்து அனுப்புகிறார்கள், சிறு குழு, கூட ஒரு வழிகாட்டி. பெரும்பாலும் மன்னான் அல்லது பளியர் குடியைச் சேர்ந்தவராக இருப்பார். குமுளிக்குப் பக்கத்திலேயே மன்னாக்குடி, பளியக்குடி என்று அவர்கள் ஊர்கள் இருக்கின்றன. உங்களோடு தமிழிலேயே பேசுவார், இது நமக்குப் பெரிய வசதி, ஏனென்றால் காட்டைப் பற்றிய பேச்சு மொழிபெயர்த்துக் கேட்டால் பாதி போய்விடும். மூங்கில் தெப்பத்தில் ஏரியின் சிறு கிளை ஒன்றைக் கடந்து அக்கரையில் இறங்கியதுமே காடு தொடங்கிவிடுகிறது. கருமந்தி, மலையணில், நேரம் நன்றாக இருந்தால் தலைக்கு மேல் இருவாச்சி சிறகடிக்கும் சத்தம், இதெல்லாம் இந்தக் குறுகிய நடையிலேயே கிடைக்கிறது. செலவு குறைவு, பெரிய தெம்பு வேண்டாம், நடந்து பழகிய பிள்ளைகள் தாராளமாக வருவார்கள். குறை என்று சொன்னால், மூன்று மணி நேரத்தில் உள்ளே ரொம்ப தூரம் போக முடியாது, முற்பகல் குழுவில் போனால் விலங்குகள் ஒதுங்கிய நேரமாகிவிடும். காலை 7 மணிக் குழு கிடைத்தால் எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் முற்பகலுக்கு ஒத்துக்கொள்வதைவிட ஒரு ராத்திரி தங்கி மறுநாள் காலையில் போவது மேல்.

பார்டர் ஹைக்கிங் முழுநாள் நடை. பெயருக்கு ஏற்றபடி தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலைமுகட்டுக்கு ஏறுகிறது, கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டரில் தொடங்கி 1,300 வரை. மேலே நின்றால் ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் கீழே கம்பம் பள்ளத்தாக்கு, திராட்சைத் தோட்டமும் தென்னந்தோப்பும் வயலுமாக. இந்தப் பக்கத்துக் காட்டில் தேங்கும் தண்ணீர்தான் அந்தப் பக்கத்துப் பச்சை என்பதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம், தேனி மாவட்டத்துப் பிள்ளைகளை இதற்காகவே ஒரு தடவை கூட்டிப்போகலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் உங்களுக்கு வேண்டியது ஏரிக்கரை என்றால் இது அதற்கில்லை, பெரும்பாலும் ஏற்றமும் இறக்கமும்தான். இந்த எல்லை மலையில்தான் மங்கலதேவி கண்ணகி கோயிலும் இருக்கிறது. அதை இந்த நடையோடு சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், பக்தர்களுக்கு அது சித்ரா பௌர்ணமி ஒருநாள் மட்டும்தான் திறக்கும்.

இப்போது நான் முதல்முறை போகிறவர்களுக்கு எப்போதும் சொல்லும் பேம்பூ ராஃப்டிங். பெயரைக் கேட்டால் ஏதோ தண்ணீர் விளையாட்டு மாதிரி இருக்கும், பலர் அதனாலேயே தவிர்த்துவிடுகிறார்கள். உண்மையில் இது நடையும் தெப்பமும் கலந்த ஒருநாள் காட்டுப் பயணம். காலை 8 மணிக்குக் கிளம்பினால் திரும்ப மாலை 5. பத்துப் பேர் வரை ஒரு குழு, நாலைந்து வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். கரையை ஒட்டிப் புல்வெளியும் காடும் மாறிமாறி வரும் பாதையில் சில மணி நேரம் நடந்து, அப்புறம் தெப்பத்தில் ஏறுகிறோம். பருத்த மூங்கில்களை வரிசையாக அடுக்கிக் கட்டிய தெப்பம், மேலே உட்கார மூங்கிலிலேயே பலகை மாதிரி ஒரு மேடை. ஏறும்போது ஒரு பக்கம் லேசாகத் தாழும், மூங்கில் இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்து செருப்பை நனைத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. துடுப்பு நம் கையிலும் கொடுப்பார்கள். எஞ்சின் கிடையாது என்பதுதான் இதில் பெரிய விஷயம். பட்டுப்போன அந்த அடிமரங்களுக்கு இடையில் சத்தமில்லாமல் போகும்போது நீர்நாய்க் கூட்டம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முங்குவதையும், கரையில் மேயும் காட்டெருமை நம்மைப் பார்த்தபிறகும் அசைபோடுவதை நிறுத்தாமல் நிற்பதையும் பார்க்கலாம். கரையில் நடந்து வரும் மனிதனைக் கண்டால் விலகும் விலங்கு தண்ணீரில் வருபவனை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், நான் பார்த்தவரை அது சரியாகத்தான் இருக்கிறது.

கரையில் இறங்கி நடக்கும் இடங்களில் முன்னால் போகிறவரைக் கவனியுங்கள். யானைச் சாணத்தைக் கண்டால் நின்று, புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். தண்ணீர் விளிம்பில் பதிந்த காலடியில் ஊறிய நீர் இன்னும் கலங்கலாக இருந்தால் குரலைத் தாழ்த்திவிடுவார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பாதையையே மாற்றுவார். நம் கண்ணுக்கு வெறும் சேறும் புல்லுமாகத் தெரியும் ஐம்பதடிக் கரையில் முந்தின ராத்திரி யார் யார் வந்து போனார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். தேக்கடியில் காசு கொடுத்து வாங்க வேண்டியது இதைத்தான், விலங்கு தெரிவதெல்லாம் அதற்குமேல் கிடைப்பது. ஒன்பது மணி நேரம் கரையிலும் தண்ணீரிலும் இருப்பதால் அவசரமில்லாமல் இதையெல்லாம் பார்க்க முடிகிறது. நடுத்தரமான உடல்தெம்பு போதும். கட்டணம் நேச்சர் வாக்கைவிடப் பலமடங்கு என்றாலும் சாப்பாடும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

இதைவிட ஒருபடி மேலே என்றால் டைகர் டிரெயில்தான். ஒரு ராத்திரி அல்லது இரண்டு ராத்திரி காட்டுக்குள்ளேயே கூடாரத்தில் தங்கி, 20-லிருந்து 35 கிலோமீட்டர் வரை நடப்பது. ஐந்தாறு பேர்தான் ஒரு குழு, கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் வழிகாட்டிகள், சமையலும் அவர்களே. இதை நடத்துகிறவர்களின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு காலத்தில் இதே காட்டில் வயனாப்பட்டை, அதாவது காட்டு இலவங்கப்பட்டை, திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களும் வேட்டைக்குப் போனவர்களும்தான் இவர்கள். 1990-களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, பிடிப்பதும் வழக்குப் போடுவதுமாக இருந்த வனத்துறை வேறு வழியை யோசித்தது. காட்டை இவ்வளவு தெரிந்தவர்களைக் காட்டுக்கு எதிராக வைத்திருப்பதைவிடக் காவலுக்கு வைக்கலாம் என்று பேசி, பழைய தொழிலை விட்டுவிட்டு வந்தவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்து, பயணிகளை அழைத்துப்போகும் வேலையைக் கொடுத்தார்கள். அவர்கள் நடக்கும் நடையே ஒருவகையில் ரோந்து. ஆள் தடம், சுருக்குக் கம்பி எது கண்ணில் பட்டாலும் கவனிப்பார்கள். சாயங்காலம் முகாமில் உட்கார்ந்து அவர்கள் பழைய கதை சொல்ல ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

நான் முன்னே சொன்ன இரண்டு கேள்வியை வைத்துப் பார்த்தால் மற்ற எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. அந்தி நேரமும் விடியலும் கரையில் கழிவது இது ஒன்றில்தான். மற்ற நடைகள் பெரும்பாலும் விலங்குகள் வருகிற நேரத்துக்கு முன்னால் முடிந்துவிடும், அல்லது அவை போனபிறகு தொடங்கும். ஆனால் யோசித்து எடுங்கள். நாளைக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஏறி இறங்கிப் பழக்கமில்லாதவர்கள், தரையில் படுத்தால் தூக்கம் வராதவர்கள், திறந்தவெளியில் ஒதுங்கத் தயங்குபவர்கள் இதில் போய்ச் சிரமப்படவேண்டாம். மூச்சிரைப்பு, இதய நோய் உள்ளவர்கள் கண்டிப்பாக வேண்டாம், உள்ளே ஏதாவது ஆனால் வெளியே கொண்டுவர நேரமாகும். செலவும் தலைக்குச் சில ஆயிரம்.

ஜங்கிள் ஸ்கவுட் என்று ஒரு ராத்திரி நடையும் உண்டு, மூன்று மணி நேரம், காட்டின் ஓரமாக. டார்ச் வெளிச்சத்தில் மிளாவின் கண் மின்னும், முள்ளம்பன்றி, மரநாய் தெரியலாம். ஆனால் ஏரியைப் பார்க்கும் நடை இல்லை. ஏற்கெனவே பகலில் நடந்தவர்கள் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

கவி என்ற ஊரைப் பற்றியும் கேட்பார்கள். வண்டிப்பெரியாறு வழியாகப் போகவேண்டும், 3,400 அடி உயரம், கேரள வனவளர்ச்சிக் கழகம் நடத்தும் இடம். தங்கல், நடை, துடுப்புப் படகு எல்லாம் ஒரே கட்டணத்தில் வரும். ஏரி சின்னது, பெரியாற்று ஏரியின் விரிவு அங்கே கிடையாது. ஆனால் காடு அடர்த்தி, சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கைப் பார்க்க நல்ல இடம், கூட்டமும் குறைவு. தமிழ் வாசகர்கள் அங்கே போக இன்னொரு காரணம் உண்டு. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்களை ஏலத்தோட்ட வேலைக்கென்று அங்கே குடியமர்த்தினார்கள். வழிகாட்டி, படகுக்காரர், சமையல்காரர் என்று அங்கே வேலைபார்ப்பவர்கள் பலர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களோடு பேசாமல் குரங்கையும் இருவாச்சியையும் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள்.

கோவை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தேக்கடிவரை அலையவேண்டியதில்லை. பரம்பிக்குளம் பக்கம். கேரளத்தில் இருந்தாலும் சாலை நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். அங்கேயும் நீர்த்தேக்கங்களை ஒட்டி வழிகாட்டியோடு நடை, தெப்பம், தீவில் தங்கல் உண்டு, கன்னிமரா தேக்கு என்னும் மிகப் பழைய மரம் உண்டு. கடைத்தெரு, ஹோட்டல் கூட்டம் எதுவும் இல்லாத அமைதியில் அது தேக்கடியை ஜெயித்துவிடும். தேக்கடியின் பலம், ஒரே இடத்தில் எல்லாவிதத் தெம்பும் பணமும் உள்ளவர்களுக்கு ஏதாவது ஒன்று இருப்பது.

எப்போது போவது? பிப்ரவரியிலிருந்து மே வரை தண்ணீர் வற்ற வற்றக் கரையில் புதுப் புல் முளைக்கும், உள்காட்டு ஓடைகள் காய்ந்துவிடும், யானைகள் ஏரிக்கு வந்தே ஆகவேண்டும். விலங்கு பார்க்க இதுதான் காலம். ஆனால் வெயில் கடுமை, காட்டுத்தீ அபாயம் இருந்தால் நடைகளை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் கோபப்படாதீர்கள். 2018 மார்ச்சில் பக்கத்துத் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. ஜூனிலிருந்து மழை. காடு பார்க்க அழகு, எங்கும் தண்ணீர் இருப்பதால் விலங்குகள் சிதறிவிடும், அட்டை நிறைய இருக்கும். அக்டோபர், நவம்பரில் மழைக்கு நடுவே நல்ல நாட்கள் கிடைக்கும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் வண்டிகளால் குமுளி நிரம்பி வழியும், அறை வாடகையும் ஏறும். பொங்கல் கழிந்து மாசி வரைக்குமான நாட்களை நான் சிபாரிசு செய்வேன்.

அட்டைக்குப் பயந்து நடையை விடவேண்டாம். முழங்கால்வரை வரும் துணி உறை கொடுப்பார்கள், பேன்ட்டுக்கு மேலே இழுத்து, முழங்காலுக்குக் கீழே நாடாவால் இறுக்கிக் கட்டி, அதற்குமேல் ஷூ. அட்டை அந்தத் துணியில் வளைந்து வளைந்து ஏறிவருவது கண்ணுக்கே தெரியும், விரலால் சுண்டிவிட்டால் போச்சு. கடித்துவிட்டாலும் வலிக்காது, ரத்தம் நிற்கத்தான் கொஞ்சம் நேரமாகும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், வெள்ளைச் சட்டை வேண்டாம், சென்ட் வேண்டாம், பிளாஸ்டிக் பையைக் கொண்டுபோகவே வேண்டாம். போனில் பாட்டு வைப்பவர் ஒருவர் குழுவில் இருந்தாலும் மற்ற எல்லாருக்கும் நாள் வீண்.

முன்பதிவை வனத்துறை மூலமாகவே செய்யுங்கள். குமுளியில் ஜீப் சஃபாரி என்று கூப்பிடுகிறவர்கள் பலர் உங்களைக் கூட்டிப்போவது இந்த ஏரிக்கரைக்கு இல்லை. கட்டணம், வயது வரம்பு அவ்வப்போது மாறும், பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள். முழுநாள் நடைகளுக்கு ஆள் கணக்கு குறைவு, சனி ஞாயிறு சீக்கிரம் முடிந்துவிடும், வாரநாளில் போக முடிந்தால் போங்கள்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. எல்லாரும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று பெரியவர்களை நடைக்கு இழுப்பதும், அவர்களுக்காக இளையவர்கள் எல்லாரும் படகோடு நிறுத்திக்கொள்வதும் இரண்டுமே தேவையில்லை. காலை 7 மணி நேச்சர் வாக்குக்கு நடக்கிறவர்கள் போகட்டும், தாத்தா பாட்டியைக் காலை முதல் படகில் துணைக்கு ஒருவரோடு ஏற்றிவிடுங்கள். படகு முடிந்து அவர்கள் படகுத்துறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் நடைக்காரர்களும் வந்துவிடுவார்கள். பேம்பூ ராஃப்டிங் என்றால் இந்தக் கணக்கு ஒத்துவராது, திரும்ப மாலையாகிவிடும், அதனால் அதற்கு மட்டும் முந்தின நாளே வந்து தங்கி, பெரியவர்களுக்குக் குமுளியிலேயே ஓய்வாக இருக்க ஒரு நல்ல அறையாகப் பார்த்துவிடுங்கள்.